ஒரு பென்னி!

தோழர்களே! ஒரே ஒரு பென்னிக்காக ஓர் ஊரே நடந்த வரலாற்றை உங்கள் முன் வைக்கிறேன். "பென்னிதானே, பெரிதா?" என்று கேட்பீர்கள். தென்னாப்பிரிக்காவின் ஆதிக்கக்காரர்களும் அப்படித்தான் கேட்டார்கள்!

ஜோகன்னஸ்பர்க் மாநகரின் வடகிழக்கே, 1912-இல் உருவான குடியிருப்பு அலெக்சாண்ட்ரா. கறுப்பின மக்கள் நிலம் வாங்கிச் சொந்தம் கொண்டாட முடிந்த மிகச் சில இடங்களுள் ஒன்று. நகரத்திலே அவர்களுக்கு வேலை உண்டு, வீடு இல்லை! மாளிகையைப் பெருக்க அவர்கள் கரம் வேண்டும். மாளிகைக்குப் பக்கத்தில் அவர்கள் குடில் கூடாது! இடைத்தூரம் ஏறத்தாழ 9 மைல். அதனைக் கடக்கப் பஸ். அதற்குக் கட்டணம் 4 பென்னி.

1957 ஜனவரியில் அது 5 ஆயிற்று. கணக்குப் பாருங்கள்: போக ஒன்று, வர ஒன்று, வாரம் ஆறு நாள், ஒரு ஷில்லிங்! அரைவயிற்றுக் கஞ்சியிலிருந்து அள்ளப்பட்ட ஷில்லிங்!

ஜனவரி 7. பஸ்கள் வந்தன, மக்கள் ஏறவில்லை. "அசிக்வெல்வா!" என்றனர். "ஏறமாட்டோம்" என்பது பொருள். போக 9 மைல், வர 9 மைல்; அங்கே ஜனவரி மழைக்காலம். நனைந்தனர், நடந்தனர். போலீஸ் சும்மா இருந்ததா? வழியில் ஏற்றிச்சென்ற கார்களை மறித்தது. சைக்கிள் டயர்களின் காற்றைப் பிடுங்கியது. அனுமதிச் சீட்டு எங்கே என்று அதட்டியது. காற்று இறங்கியது டயரில், நெஞ்சில் அல்ல!

மாதங்கள் உருண்டன. முடிவு? பயணி கொடுத்தது பழைய 4 பென்னியே! மிச்சத்தை முதலில் வணிகர் நிதி ஏற்றது; பின்னர், வேலை வாங்குவோர் செலுத்தும் வரியை உயர்த்தி, அதே ஆண்டில் சட்டமும் வந்தது. தூரத்தை வகுத்தவனே தூரத்துக்கு விலை கொடுக்கட்டும் என்று தீர்ப்பெழுதியவை, செருப்பில்லாத கால்கள்!

1994-இல் நிறவெறி ஆட்சி வீழ்ந்தது. அலெக்சாண்ட்ரா இன்றும் இருக்கிறது. நெருக்கடி நிறைந்த சந்துகளோடு, சாண்ட்டன் எனும் செல்வர் நகரின் கோபுரக் கட்டடங்களை அண்ணாந்து பார்த்தபடி! சட்டம் போட்ட தூரம் போயிற்று, தோழர்களே. பணம் போட்ட தூரம் எப்போது போகும்? சிந்தியுங்கள்!