எண்களால் வரையும் படம்

வானொலியில் படம் காட்ட முடியாது என்பது எல்லோரும் அறிந்ததே. ஆயினும் இன்று நாம் ஒரு படம் காட்டத்தான் போகிறோம். பக்கத்தில் பிள்ளைகள் இருந்தால் கணக்கு நோட்டையும் பென்சிலையும் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். குறுக்கே 5, நெடுக்கே 5 என்று 25 கட்டங்கள் போட வேண்டும். முதல் வரிசையில் 9, 0, 0, 0, 9 என்று எழுதுங்கள். இரண்டாவது, மூன்றாவது, நான்காவது வரிசைகளும் அப்படியேதான். ஐந்தாவது வரிசையில் ஐந்துமே 9. இனி 9 உள்ள கட்டங்களைக் கறுப்பாகத் தீட்டி, 0 உள்ளவற்றை வெறுமையாக விட்டுவிடுங்கள். 'ப' என்ற எழுத்துத் தெரிகிறதல்லவா?

நாம் அனுப்பியது எண்கள். உங்கள் வீட்டில் இறங்கியது படம். 9க்கும் 0க்கும் இடையே 3, 5, 7 என்று எண்கள் வந்தால் சாம்பல் நிறத்தை மெல்லியதாகவும் அழுத்தமாகவும் தீட்ட வேண்டியதுதான். இப்படி ஓரிடத்தில் ஒளியோ வேறொன்றோ எவ்வளவு செறிவாக இருக்கிறது என்பதை எண்ணாக்கிக் கட்டம் கட்டமாக நிறுத்தினால் அது செறிவு அணி. கணிதத்தில் அணியின் குறுக்கு வரிசைக்கு நிரை என்றும், மேலிருந்து கீழே இறங்கும் வரிசைக்கு நிரல் என்றும் பெயர். நிரை என்ற சொல்லைத் தோட்டத்து மக்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. பெரட்டு முடிந்ததும் நாம் போய் நிற்பதே நிரையில்தானே!

1965ஆம் ஆண்டு ஜூலை மாதம் மாரினர் 4 என்ற அமெரிக்க விண்கலம் செவ்வாய்க் கோளின் அருகே பறந்து படமெடுத்தது. ஒரு படத்துக்கு 200 நிரை, 200 நிரல். ஆக 40,000 எண்கள். ஒவ்வொன்றும் 0 முதல் 63 வரை. அவ்வளவு தொலைவிலிருந்து வானொலி அலையில் ஒரு படம் வந்து சேர 8 மணி நேரத்துக்கு மேல் பிடித்தது. இயந்திரம் படத்தை உருவாக்கித் தரும்வரை பொறியாளர்களுக்குப் பொறுமை இல்லை. எண்கள் அச்சான காகிதப் பட்டைகளைப் பலகையில் ஒட்டி, வண்ணக் கட்டிகளை வாங்கி வந்து, எண்ணுக்கேற்ற நிறத்தைக் கையாலேயே தீட்டினார்கள். உங்கள் பிள்ளைகள் சற்றுமுன் செய்த வேலைதான்.

படத்தை எண்ணாக்குவதால் நமக்கென்ன பயன் என்று கேட்பீர்கள். அதற்கு ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மூன்று நிரையில் மும்மூன்றாக 9 பால்மரங்கள் நிற்கின்றன. நல்ல மரத்தின் மங்கில் 5 பங்கு பால் விழும். பட்டுப்போன மரத்தில் ஒன்றும் விழாது. ஆனால் நம்மிடம் மங்குகளைத் தனித்தனியே காட்டவில்லை; ஒரு நிரையின் பாலை எல்லாம் ஒரே வாளியில் ஊற்றி மொத்தத்தை மட்டும் சொல்கிறார்கள். இரண்டாம் நிரையில் 15க்குப் பதில் 10. மறுநாள் நிரல்வாரியாகச் சேகரித்தால் மூன்றாம் நிரலில் 10. அப்படியானால் பட்ட மரம் எது? இரண்டாம் நிரையும் மூன்றாம் நிரலும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் நிற்பது. காட்டுக்குள் போகாமலே கண்டுபிடித்துவிட்டோம்.

பட்ட மரம் இரண்டாக இருந்தால்? முதல் நிரையிலும் மூன்றாம் நிரையிலும் 10. முதல் நிரலிலும் மூன்றாம் நிரலிலும் 10 என்று வைத்துக்கொள்வோம். எதிரெதிர் மூலைகளில் இரண்டு பட்டிருக்கின்றன என்பது மட்டும் தெரியும். எந்த இரண்டு மூலை என்பது தெரியாது. அப்போது மேல் இடது மூலையிலிருந்து கீழ் வலது மூலைக்குக் கோணலாக நடந்து பாலைச் சேர்க்க வேண்டும். 5 வந்தால் அந்த இரண்டு மூலைகள். 15 வந்தால் மற்ற இரண்டு. மரங்கள் கூடக்கூட, இன்னும் பல கோணங்களில் நடக்க வேண்டியிருக்கும்.

மருத்துவமனைகளில் உள்ள சி.டி. ஸ்கேன் இயந்திரத்தின் அடிப்படை இதுதான். இங்கே வாளிக்குப் பதில் எக்ஸ்ரே கதிர். ஒரு கோட்டில் தலைக்குள் நுழைந்து மறுபுறம் வரும் கதிர், வழியில் எவ்வளவு தடுக்கப்பட்டது என்ற மொத்தத்தை மட்டுமே சொல்லும். இங்கிலாந்தில் பண்ணையில் வளர்ந்த பொறியாளர் ஹவுன்ஸ்ஃபீல்ட் முதலில் செய்த இயந்திரம், ஒவ்வொரு பாகையாக 180 கோணங்களில், கோணத்துக்கு 160 அளவாக, மூளையின் ஒரு குறுக்குவெட்டுக்கு 28,800 அளவுகள் எடுத்தது. கணினி அவற்றை 80 நிரை, 80 நிரல் கொண்ட அணியாக மாற்றிக் கொடுத்தது. 1971 அக்டோபர் 1ஆம் நாள் லண்டன் நகரின் விம்பிள்டனில் இருந்த மருத்துவமனையில், மூளைக் கட்டி இருக்கலாம் என்று சந்தேகிக்கப்பட்ட ஒரு பெண்மணியைப் படமெடுத்தார்கள். நோய் இருந்த இடம் தெளிவாகத் தெரிந்தது. இதே கணக்கைத் தனியாக முன்பே ஆராய்ந்து 1963இல் வெளியிட்டவர் தென்னாப்பிரிக்காவில் பிறந்த கார்மக். இருவருக்கும் 1979இல் மருத்துவ நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.

இதை நாம் நீட்டிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. செம்பனைக் குலை ஒன்று உயரத்திலிருந்து தலையில் விழுந்தால் என்ன ஆகும் என்பது குலை வெட்டுவோருக்குத் தெரியும். அடிபட்டவர் எழுந்து உட்கார்ந்து, "ஒன்றுமில்லை, ஒரு டீ கொடுங்கள்" என்பார். நாமும் நம்பிவிடுவோம். சிலருக்கு மண்டை ஓட்டுக்கு உள்ளே இரத்தம் மெல்லக் கசிந்து சேரும். சில மணி நேரம் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர் பிறகு வாந்தியெடுத்து மயங்குவார். சாதாரண எக்ஸ்ரேயில் அந்த இரத்தம் தெரியாது. ஸ்கேன் அணியிலோ தண்ணீருக்கு 0, காற்றுக்குக் கழித்தல் 1000 என்று ஒரு கணக்கு உண்டு. அதில் மூளைத் தசை 30, 40 என்ற அளவிலும், புதிதாக உறைந்த இரத்தம் 60, 70 என்ற அளவிலும் இருக்கும். எலும்பு 1000 வரைகூடப் போகும் வரிசையில் இந்த வேறுபாடு மிகச் சிறிது. வெறும் கண்ணுக்கு இரண்டும் ஒரே சாம்பல்தான். ஆனால் எண்ணாக இருப்பதால், 0 முதல் 80 வரை உள்ளதை மட்டும் எடுத்துக் கறுப்பிலிருந்து வெள்ளைவரை விரித்துப் போடலாம். அப்போது உறைந்த இரத்தம் வெள்ளையாகப் பளிச்சென்று தெரியும்.

ஆகவே தலையில் அடிபட்டவருக்கு வாந்தி, தூக்கக் கலக்கம், பேச்சில் தடுமாற்றம், கூடிக்கொண்டே போகும் தலைவலி, இவற்றில் ஒன்று கண்டாலும் தைலம் தேய்த்துப் படுக்க வைக்காதீர்கள். எந்த நேரமானாலும் மருத்துவமனைக்குக் கொண்டுபோய்ச் சேருங்கள். "தூங்கட்டும், காலையில் பார்க்கலாம்" என்ற பேச்சு கூடாது.

மரங்களுக்கும் இதே வித்தை உதவுகிறது. பச்சை இலை நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை நிறையத் திருப்பி அனுப்பும். நலிந்த இலை அவ்வளவு அனுப்பாது. கேரளத்தில் தென்னையைத் தாக்கிய வேர் வாடல் நோயைக் கண்டறிய, 1970ஆம் ஆண்டு வாக்கில் விஞ்ஞானி பிஷாரடி முதலியோர் ஹெலிகாப்டரிலிருந்து அகச்சிவப்புப் படச்சுருளில் தோப்புகளைப் படமெடுத்தார்கள். 1972 முதல் துணைக்கோள்கள் அதே ஒளியை எண்களாகவே அனுப்பி வருகின்றன.

இனி நம் மெர்சிங்கின் மழைக்கு வருவோம். நவம்பரில் வடகிழக்குப் பருவக்காற்று தொடங்கினால் படகுகள் கரையில் முடங்கும். மரம் வெட்டும் நாளும் குறையும். இப்போது கைத்தொலைபேசியிலேயே ராடார் படம் பார்க்கிறோம். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று தெரியும் கட்டங்களும் செறிவு அணிதான். மழைத்துளியில் பட்டுத் திரும்பும் அலையின் வலுவே அங்கே எண்ணாகிறது. துளியின் குறுக்களவு இரு மடங்கானால் எதிரொலி 64 மடங்காகும். அதனால் பெருந்துளிகள் சில விழுந்தாலே கட்டம் சிவந்துவிடும். மேலும் பூமி வளைந்திருப்பதால், தொலைவு செல்லச் செல்லக் கதிர் மேலே போய்விடும். தாழ்வான மேகத்தின் மழை அதற்குத் தப்பிவிடலாம். மெர்சிங் வானிலை நிலையம் போன்ற இடங்களில் தரையில் வைத்த மழைமானியில் நீரை அளந்து, அந்த எண்ணைக் கொண்டு ராடாரின் எண்ணைத் திருத்திக்கொள்கிறார்கள். பிள்ளைகளுக்கு விருப்பமிருந்தால், நேர்ச்சுவருள்ள ஒரு பால்டின்னை வெட்டவெளியில் வைத்து, தினமும் காலையில் அடிக்கோலால் அளந்து நோட்டில் குறித்து வரட்டும்.