ஊர்ப்பெயரும் திறந்த நிலப்படமும்

நிலப்படத்தைப் பற்றி மொழியியல் துறையினர் பேசுவது பொருந்துமா என்று ஈண்டுக் கூடியுள்ள ஆசிரியர்களும் மாணவர்களும் வினவலாம். நிலப்படத்திலிருந்து பெயர்களை அகற்றிவிட்டால் எஞ்சுவன கோடுகளும் வண்ணங்களுமே. அப்பெயர்களை எந்த மொழியில், எந்த வடிவில், யார் எழுதுகின்றனர் என்பதே இன்று நாம் ஆராயவிருப்பது.

மாசாய் என்னும் இவ்வூர்ப் பெயரையே எடுத்துக்கொள்வோம். உரோமன் எழுத்தில் இது ஐந்தெழுத்து. குறில் நெடில் காட்டாத அவ்வைந்தையும் கொண்டு தமிழில் எழுதப் புகுவோர் மசாய், மாசை, மசை என எவ்வாறும் எழுதலாம். கென்ய நாட்டு மசாய் மக்களின் நினைவு வந்தாலும் வியப்பில்லை. கூகுள் நிறுவனம் 2021இல் இந்தியாவிலுள்ள இடப்பெயர்களைத் தமிழ் உள்ளிட்ட 10 மொழிகளில் கணினி வழியே எழுத்துப்பெயர்க்கத் தொடங்கியது. முயற்சி பாராட்டத்தக்கதே. ஆயினும் லகர ளகர ழகரங்களை இழந்துவிட்ட எழுத்துக்கூட்டலிலிருந்து மூல வடிவை மீட்பது இயந்திரத்துக்கும் கடினம். தமிழ்நாட்டரசு 2020இல் 1018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப மாற்ற ஆணையிட்டு, எழுந்த விவாதத்தால் அவ்வாண்டு ஜூனில் அதனைத் திரும்பப் பெற்றமை இச்சிக்கலின் ஆழத்தைக் காட்டும்.

இனி இருவகை நிலப்படங்களுக்கு வருவோம். 2005இல் தோன்றிய கூகுள் மேப்ஸ், வழி தேடுவோர்க்கு இன்றும் இணையற்ற துணை. போக்குவரத்து நெரிசல், கடை திறந்திருக்கும் நேரம், தெருக்காட்சிப் படங்கள் ஆகியவற்றில் அதனை விஞ்சுவது அரிது. பயனர் திருத்தங்களை முன்மொழியலாம். ஏற்பதும் தள்ளுவதும் நிறுவனத்தின் உரிமை. தரவு முழுவதையும் நாம் எடுத்து வேறு நூலுக்கோ ஆய்வுக்கோ ஆள இயலாது. பொதுமக்கள் சாலைகளையும் இடங்களையும் வரைவதற்கென 2008இல் அந்நிறுவனம் தொடங்கிய மேப் மேக்கர் என்னும் தளம் 2017இல் மூடப்பட்டது. திறப்பதும் மூடுவதும் உடையவர் விருப்பம்.

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வேறு வகையினது. 2004இல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் என்பவர் தொடங்கியது. தன்னார்வலர் வரைவது; மூலத்தைக் குறிப்பிட்டு, அதிலிருந்து ஆக்கிய தரவுத்தளத்தைப் பொதுவில் வெளியிடும்போது அதனையும் அதே உரிமத்தில் பகிர்ந்தால் எவரும் ஆளலாம். 2015ஆம் ஆண்டுச் சென்னை வெள்ளத்தின்போது அருண் கணேஷ் முதலியோர் இத்தரவின்மேல் நீர் சூழ்ந்த தெருக்களை மக்களே குறிக்கும் படமொன்றை விரைந்து அமைக்க முடிந்ததற்கு இத்திறந்த தன்மையே காரணம். குறைகளும் உள. ஆர்வலர் இல்லாத ஊரில் வீட்டெண்களும் கடைகளும் விடுபட்டுக் கிடக்கும்.

ஆனால் ஒவ்வோர் இடத்துக்கும் மொழிவாரியாகப் பெயர் எழுதப் புலம் உண்டு. பழைய பெயர், மாற்றுப் பெயர், வட்டாரப் பெயர் ஆகியவற்றுக்கும் தனிப்புலங்கள் உண்டு. நமக்கு இதுவே பெரிது. ஏனெனில் நம் முன்னோர் இந்நாட்டுத் தோட்டங்களுக்கும் சாலைகளுக்கும் தமக்கென ஒரு பெயர்வழக்கை வைத்திருந்தனர். மைல்கல்லைக் கட்டை என்று கூறி, பத்தாங்கட்டை, பதினாறாங்கட்டை என ஊரையே அழைத்தனர். பால்மரக்காடுகள் அழிந்து தாமான்களாகிவிட்டன. நகரத்துக்கு இடம்பெயர்ந்த தமிழ்ப்பள்ளிகள் சில, தோட்டமே இல்லாதபோதும் லாடாங் என்னும் சொல்லைப் பெயரில் சுமந்து நிற்கின்றன. பள்ளிக்கேனும் பெயர்ப்பலகை உண்டு. கட்டைக்கணக்குப் பெயர்கள் முதியோர் நாவில் மட்டுமே வாழ்வன.

அண்டையிலுள்ள பாசிர் கூடாங்கையும் நோக்குக. மலாயில் கிடங்கைக் குறிக்கும் அச்சொல்லே, நம் கிடங்கு முதலான திராவிடச் சொற்களோடு உறவுடையதென்பர் அறிஞர். கடல் கடந்து போன சொல் ஊர்ப்பெயராகி நின்றிருக்கிறது. அதனை நாமோ பாசிர் என்றும் பாசீர் என்றும் எழுதுகிறோம். ஜொகூர், ஜோகூர் என்பதும் அவ்வாறே. திறந்த படத்தில் எவரும் திருத்தலாமாதலால், இன்று ஒருவர் எழுதியதை நாளை மற்றொருவர் மாற்றுவார். எனவே பதிவதற்கு முன் வடிவம் குறித்த உடன்பாடு வேண்டும். பள்ளியின் தமிழ்மொழிப் பணித்தியம் இதற்குப் பொருத்தமான இடம் என்பது நம் கருத்து.

செயல்முறையில் இரண்டு எச்சரிக்கைகள். கூகுள் படத்திலிருந்து பெயர்களைப் படியெடுத்துத் திறந்த படத்தில் இடலாகாது. உரிமம் அதற்கு இடந்தராது. பெயர்ப்பலகையிலிருந்தும் அவ்விடத்தில் வாழ்ந்தோர் வாய்மொழியிலிருந்துமே திரட்டுக. அடுத்து, ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் இன்று நிலத்தில் இருப்பதைக் காட்டுவது. முற்றிலும் மறைந்த தோட்டத்தை அதில் வரைந்தால் நீக்கிவிடுவர். அத்தகையவற்றுக்கு ஓப்பன்ஹிஸ்டாரிக்கல்மேப் என்னும் வரலாற்று நிலப்படம் தனியே உள்ளது. எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை அவ்விடம் இருந்தது என்பதையும் அதில் குறிக்கலாம். ஆகவே மாணவர்கள் தம் பாட்டி தாத்தாவிடம் தோட்டத்தின் பெயரைக் கேட்கும்போது, அங்குக் குடியிருந்த ஆண்டுகளையும் சேர்த்துக் கேட்டெழுதுக.