மருந்து உண்டு, பிள்ளையின் கைக்கு எட்ட வேண்டும்



எச்.ஐ.வி. கிருமி தாயிடமிருந்து சேய்க்குப் பரவுவதை ஒழித்த நாடு என்று மலேசியாவுக்கு உலகச் சுகாதார நிறுவனம் 2018-ஆம் ஆண்டில் சான்று வழங்கியது. கருவுற்ற தாய்மாரின் இரத்தத்தைச் சோதித்து, காலத்தே மருந்தளித்ததன் பயன் அது.

ஆயினும் அந்த நற்பேறு உலகெங்கும் கிட்டவில்லை. 2023-இல் இக்கிருமியுடன் வாழ்ந்த பெரியவர்களில் 100-க்கு 77 பேர் சிகிச்சை பெற்றனர். 15 வயதுக்குட்பட்ட சிறுவரிலோ 57 பேரே பெற்றனர். காரணம் யாது? தாயின் எதிர்ப்பொருள் 18 மாதம் வரை சேயின் இரத்தத்தில் தங்கக்கூடும். ஆகவே கிருமியையே கண்டறியும் தனிச் சோதனை தேவை; ஏழை நாடுகளின் சிற்றூர்கள் பலவற்றில் அவ்வசதி இல்லை. சிகிச்சை பெறாத குழந்தைகளுள் ஏறக்குறையப் பாதிப்பேர் இரண்டு வயதை எட்டுவதில்லை. முன்னர்க் கொடுத்த திரவ மருந்தோ கடுங்கசப்பு. நீரில் கரையும் டொலுடெக்ராவிர் மாத்திரை 2020-இல் வந்து அக்குறையைப் போக்கிற்று.

மாத்திரையால் நீங்காத தடையும் உண்டு: வீட்டார் மறைத்தல், அயலார் ஒதுக்குதல். தன் நோய் இன்னதென்று அறியாத பதின்வயதுப் பிள்ளை, "நலமாகத்தானே இருக்கிறேன்" என்று மருந்தை நிறுத்திவிடக்கூடும். பக்குவமாக எடுத்துச் சொல்வது பெற்றோர் கடமை.

உடன் உண்பதாலோ ஒரே வகுப்பில் அமர்வதாலோ இக்கிருமி பரவாது. நாள் தவறாது மருந்துண்ணும் பிள்ளை படித்து, பணிபுரிந்து, இல்லறமும் நடத்தலாம். அப்பிள்ளையின் தட்டைத் தனியே ஒதுக்கி வையாதீர்கள்.