கல்யாணம் ஆனா பாஸ்போர்ட் வருமா? இத்தாலியக் குடியுரிமை பற்றி

குடும்ப விசா பற்றிப் பேசின பிறகு வந்த குரல் செய்திகளில் பாதி ஒரே கேள்விதான். "அக்கா, இத்தாலிக்காரரைக் கல்யாணம் பண்ணிக்கிட்டா குடியுரிமை தானா வந்துடுமா?"

வராது. ஒரு காலத்தில் வந்தது. 1912ஆம் ஆண்டுச் சட்டப்படி இத்தாலிய ஆணை மணந்த வெளிநாட்டுப் பெண் உடனே இத்தாலியர் ஆகிவிடுவார். வெளிநாட்டவரை மணந்த இத்தாலியப் பெண்ணோ, கணவரின் நாடு அவளைத் தன் குடிமகளாக எடுத்துக்கொண்டால், சொந்தக் குடியுரிமையை இழப்பாள். பெண் என்றால் புருஷன் பின்னாடி போகிறவள், அவ்வளவுதான் அந்தச் சட்டத்துக்குத் தெரியும். 1975ல் அரசியலமைப்பு நீதிமன்றம் அந்த இழப்பைச் செல்லாதென்றது. 1983ல் தானாக வருவதும் நின்றது. இப்போது நடப்பது 1992ஆம் ஆண்டின் 91ஆம் எண் சட்டம். கணவருக்கும் மனைவிக்கும் ஒரே விதி.

விதி எளிமையானது. கல்யாணத்துக்குப் பிறகு இத்தாலியில் சட்டப்படி 2 வருடம் வசித்திருக்க வேண்டும். வெளிநாட்டில் இருந்தால் 3 வருடம். பிள்ளைகள் இருந்தால் அதில் பாதி. பத்து வருட வசிப்பைக் காட்டிக் கேட்பவர்களிடம் வருமானக் கணக்கு கேட்பார்கள். இந்த வழியில் கேட்பதில்லை. ஏன்னா இது அரசு பார்த்துக் கொடுக்கிற சலுகை இல்லை, நிபந்தனைகள் சரியாக இருந்தால் உங்கள் உரிமை. பெரிய குற்றத் தண்டனை, நாட்டுப் பாதுகாப்பு, இந்த மாதிரி காரணங்களுக்குத்தான் மறுக்க முடியும்.

இத்தாலிய மொழியில் பி1 நிலைச் சான்றிதழ் 2018 டிசம்பரிலிருந்து கட்டாயம். சியேனா, பெருஜியா பல்கலைக்கழகங்கள் நடத்தும் தேர்வுகள் செல்லும். ஐரோப்பிய நீண்டகால வசிப்பு அனுமதி வைத்திருப்பவர்களுக்கு இது தேவையில்லை. கட்டணம் 250 யூரோ, கூட 16 யூரோ முத்திரை வில்லை. விண்ணப்பம் உள்துறை அமைச்சகத்தின் இணையதளத்தில்.

இனி நம்ம ஊர்க்காரர்களுக்கே உரிய தலைவலி: பேர். எனக்கு இனிஷியலும் பேரும்தான். பிறப்புச் சான்றிதழில் அப்பா பேர் தனிக் கட்டத்தில், மார்க் ஷீட்டில் இனிஷியலாக, பாஸ்போர்ட்டில் விரித்து எழுதி, அதுவும் குடும்பப்பேர் என்ற இடத்தில். இத்தாலிய அதிகாரிக்கு இது மூன்று வேறு ஆட்கள். அப்பா பேரை ஏன் உன் குடும்பப்பேராகப் போட்டிருக்கிறாய், உன் அண்ணனுக்கு வேறு பேரா என்று கவுன்டரில் கேட்டார்கள். அவர்கள் மேல் கோபம் வரவில்லை; அந்த ஊர்ப் படிவத்தில் இனிஷியலுக்கு இடமே இல்லை. விண்ணப்பம் போடுவதற்கு முன்பே பிறப்புச் சான்றிதழையும் பாஸ்போர்ட்டையும் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாகப் பாருங்க. வித்தியாசம் இருந்தால் ரோமில் உள்ள நம் தூதரகத்திலோ மிலான் துணைத் தூதரகத்திலோ, இரண்டு பேரும் ஒரே ஆளுடையதுதான் என்று ஒரு சான்று வாங்கலாம். பிறப்புச் சான்றிதழுக்கும் போலீஸ் சான்றிதழுக்கும் அப்போஸ்டில் முத்திரை, இத்தாலிய மொழிபெயர்ப்பு இரண்டும் வேணும். போலீஸ் சான்றிதழ் 6 மாதத்துக்குத்தான் செல்லும். அதை ரொம்ப முன்கூட்டியே வாங்கி வைக்காதீங்க.

இப்போ யாரும் சத்தமாகக் கேட்காத கேள்வி. ஒரு பெண் எழுதியே அனுப்பியிருந்தார், குரலில் சொல்லத் தயங்கி. "விண்ணப்பம் போட்டாச்சு. ஆனா இவரோட இருக்க முடியல. பிரிஞ்சா என்ன ஆகும்?"

உள்ளதைச் சொல்றேன். குடியுரிமை ஆணை பிறக்கிற நாள் வரை கல்யாணம் நிற்க வேண்டும். அதற்கு முன் விவாகரத்தோ சட்டப்படியான பிரிவோ பதிவானால் இந்த வழி அடைபட்டுவிடும். ஆணை வந்த பிறகு பிரிந்தால் ஒன்றும் ஆகாது. விண்ணப்பத்தை முடிக்க 2020 டிசம்பரில் வைத்த கெடு 24 மாதம். 36 வரை நீட்டலாம். கூட்டிப் பாருங்க. நான்கைந்து வருடம் ஒரு பெண்ணின் கழுத்தில் இந்தக் கயிறு இருக்கிறது. "கையெழுத்துப் போடாம விட்டுடுவேன்" என்று மிரட்டும் கணவர்கள் இருக்கிறார்கள். ஒன்று தெரிஞ்சுக்குங்க: விண்ணப்பம் உங்களுடையது. அதைப் போடுவதும் நீங்கள்தான். குடியுரிமைக்காக அடி வாங்கிக்கொண்டு இருக்க வேண்டியதும் இல்லை. வீட்டு வன்முறைக்கு ஆளானவர்களுக்குத் தனி வசிப்பு அனுமதி தரும் விதி 2013லிருந்து இருக்கிறது. 1522 என்ற எண்ணுக்கு எந்த நேரமும் இலவசமாகக் கூப்பிடலாம். அந்தச் சகோதரிக்கு நான் முதலில் அனுப்பியது அந்த எண்ணைத்தான்.

கணவர் இறந்துபோனால்? முன்பு விண்ணப்பமும் அதோடு போனது. 2022ல் அரசியலமைப்பு நீதிமன்றம் அதை மாற்றியது. நடுவில் துணை இறந்தாலும் உரிமை போகாது.

ஆணை கையில் கிடைத்த 6 மாதத்துக்குள் நகராட்சியில் உறுதிமொழி எடுக்கணும். குடியரசுக்கு விசுவாசமாக இருப்பேன், அரசியலமைப்பையும் சட்டங்களையும் மதிப்பேன் என்று ஒரே ஒரு வாக்கியம். மறுநாளிலிருந்து நீங்கள் இத்தாலியர்.

இந்தியர் இல்லை. இத்தாலி பழைய குடியுரிமையை விடச் சொல்வதில்லை; நம் நாடுதான் இரண்டை ஏற்பதில்லை. இந்திய பாஸ்போர்ட்டை ஒப்படைத்துவிட்டு ஓசிஐ அட்டை வாங்கிக்கலாம். வரலாம், போகலாம், வீடு வாங்கலாம். ஓட்டு கிடையாது. விவசாய நிலம் விலைக்கு வாங்க முடியாது. பரம்பரையாக வருவது வரும். ஊரில் அப்பா நிலத்துக்குப் பக்கத்து வயல் விலைக்கு வருதுன்னு யோசித்துக்கொண்டிருந்தால், அதை உறுதிமொழிக்கு முன்பே வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவு பண்ணுங்க.