பழைய வண்டிக்குப் புதிய ஆசனம்

மலைநாட்டின் செங்குத்தான தோட்டப் பாதைகளிலே மரக்கறி மூடைகளையும் மனிதரையும் ஒருங்கே சுமந்துகொண்டு ஊர்ந்து ஏறும் பழைய லாண்ட் றோவர் வண்டிகளை உங்களுட் பலர் கண்டிருப்பீர்கள். சிலர் அவற்றில் ஏறியும் இருப்பீர்கள். ஏறியவர்கள் வண்டியின் வலிமையை மறந்தாலும் அதன் ஆசனத்தை மறந்திருக்கமாட்டார்கள். முதுகும் இடுப்பும் அதனை நெடுநாள் நினைவில் வைத்திருக்கும். அவ்வாறான பழைய வண்டியிலே, பக்கங்கள் உயர்ந்து உடலை அணைத்துக்கொள்ளும் புதிய ஆசனங்களை, அதாவது பக்கெற் ஆசனம் என்று வழங்குவனவற்றை, எவ்வாறு பொருத்துவது, பொருத்தும்போது எவற்றையெல்லாம் எண்ணிப்பார்க்க வேண்டும் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

இதில் என்ன பெரிய காரியம் இருக்கின்றது, நான்கு துளையிட்டு நான்கு போல்ட் பூட்டினால் முடிந்தது அன்றோ என்று சிலர் கேட்கலாம். அக்கேள்விக்கு விடை கூறுவதற்கு முன்னர், அவ்வண்டி எவ்வாறு பிறந்தது என்பதைச் சிறிது அறிந்துகொள்ளுதல் நலம்.

இரண்டாவது உலகப் போர் முடிந்த காலத்தில் இங்கிலாந்தின் றோவர் கம்பனியைச் சேர்ந்த மொறிஸ் வில்க்ஸ் என்பவர், ஆங்கில்சி தீவிலிருந்த தமது நிலத்திலே அமெரிக்க வில்லிஸ் ஜீப் ஒன்றைப் பயன்படுத்தி வந்தார். அதனைப் போன்று கமத்துக்கும் காட்டுக்கும் உதவும் வண்டியொன்றைத் தாமே செய்யலாம் என்ற எண்ணம் அவருக்கு அதிலிருந்து பிறந்தது. 1948 ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் அம்ஸ்ரடாம் மோட்டார்க் கண்காட்சியில் லாண்ட் றோவர் முதன்முதலாக மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. அக்காலத்தில் இங்கிலாந்திலே உருக்குத் தகட்டுக்குப் பெருந்தட்டுப்பாடு. ஆகவே அடிச்சட்டகத்தை உருக்கினாற் செய்து, மேலுடலின் பெரும்பகுதியை அலுமினியக் கலப்புத் தகட்டினாற் செய்தனர். 1958 இல் இரண்டாவது வரிசையும் 1971 இல் மூன்றாவது வரிசையும் வெளிவந்தன. 1985 ஆம் ஆண்டு வரை அவ்வரிசை தொடர்ந்தது.

இவ்வரலாற்றை நான் வீணே கூறவில்லை. முன் ஆசனங்கள் அமர்ந்திருக்கும் பெட்டி போன்ற பகுதி அலுமினியத் தகட்டினால் ஆனது. அதன்மேல் தனித்தனி மெத்தைகளை வைத்து, மடிக்கத்தக்க சிறிய முதுகுச் சாய்வுகளைச் சேர்த்திருந்தனர். மெத்தையைக் கையால் தூக்கி எடுத்துவிடலாம். தலைக்கு அணை இல்லை; பக்கங்களுக்குத் தடுப்பு இல்லை. வயலுக்குப் போய் வருவதற்கு அவ்வளவு போதும் என்று அக்காலத்தார் கருதினர். அந்தத் தகடு மனிதனின் பாரத்தைக் கீழ்நோக்கித் தாங்குவதற்குச் செய்யப்பட்டதேயன்றி, விபத்திலே அவனை முன்னோக்கிப் பாயவிடாமல் இழுத்துப் பிடிப்பதற்குச் செய்யப்பட்டதன்று. நமது ஆராய்ச்சிக்கு அடிப்படை இதுவே.

ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு மரத்தில் மோதுகின்றது என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருப்பவரின் நிறை 70 கிலோகிராம். வண்டியின் முன்பகுதி நசுங்குவதாலும் பட்டி சிறிது நீள்வதாலும் அவர் 60 சென்ரிமீற்றர் தூரத்துக்குள் நிறுத்தப்படுகிறார் என்று கொள்வோம். அப்பொழுது அவரை நிறுத்தும் விசை, சராசரியாக அவருடைய நிறையைப் போல் 16 மடங்கு. அதாவது ஒரு தொன்னுக்கும் அதிகமான பாரம் இமைப்பொழுதிலே பட்டியின்மீதும் அதன் பூட்டுக்களின்மீதும் விழுகின்றது. ஆசனம் 15 கிலோகிராம் எடையுள்ளதாயின், அந்த ஆசனத்தை மட்டும் பிடித்து நிறுத்தவே 240 கிலோகிராம் அளவான விசை வேண்டும்.

அவ்விசை எவ்வாறு செயற்படும்? ஆசனம் முன்னே கவிழ முயலும். முன்கால்கள் தகட்டை அழுத்தும்; பின்கால்கள் தகட்டிலிருந்து மேலே பிடுங்கிக்கொண்டு எழ முயலும். மெல்லிய அலுமினியத் தகட்டிலே ஒரு துளையிட்டு, சிறிய வோசர் ஒன்றை மட்டும் வைத்துப் பூட்டியிருந்தால், இழுத்த சட்டையிலிருந்து பொத்தான் துணியோடு பிய்ந்து வருவதுபோல, போல்ட் தகட்டைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும். போல்ட் முறியாது, நட்டும் கழலாது. ஆயினும் ஆசனம் இருந்த இடத்தில் இராது. நான்கு துளையும் நான்கு போல்ட்டும் போதா என்பதற்குக் காரணம் இதுதான்.

ஆதலால் முதலிற் செய்யவேண்டியது ஆசனம் வாங்குவதன்று. வண்டியின் அடியைப் பார்ப்பது. மெத்தைகளை எடுத்துவிட்டு, விளக்கொன்றைப் பிடித்துக்கொண்டு, ஆசனப் பெட்டியின் மூலைகளையும் அடிச்சட்டகத்தையும் அதிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகளையும் சிறு சுத்தியலாற் தட்டிப் பாருங்கள். நல்ல உருக்கு கணீரென்று ஒலிக்கும். துருவேறியது மந்தமாக ஒலிக்கும்; சிலவேளை சுத்தியல் உள்ளேயே புகுந்துவிடும். அவ்வாறாயின் ஆசனத்துக்கு வைத்திருக்கும் பணத்தை முதலில் அடிச்சட்டகத்துக்குச் செலவிடுதலே அறிவுடைமை.

இரண்டாவது, பெற்றோல் தாங்கி. 88 அங்குல வண்டியிலே தாங்கி வலப்பக்க முன் ஆசனத்தின் கீழே இருக்கின்றது. நமது நாட்டு வண்டிகளில் அது சாரதியின் ஆசனம். தாங்கிக்கு மேலே கண்ணை மூடிக்கொண்டு துளையிடுவதும், அதன் அருகே வெல்டிங் செய்வதும் உயிரோடு விளையாடுவதாகும். தாங்கியை வெறுமையாக்கிவிட்டோம், இனிப் பயமில்லை என்று சிலர் நினைப்பர். உண்மை அதற்கு மாறானது. நிறைந்த தாங்கியிலும் பார்க்க வெறுந் தாங்கியே கொடியது. ஏனெனில் அதனுள்ளே பெற்றோல் ஆவியும் காற்றும் கலந்து நிற்கும். அந்த ஆவி காற்றிலும் பாரமானது. தரையோடு தவழ்ந்து பள்ளத்தில் தங்கும். எனவே தாங்கியை முற்றாகக் கழற்றி வேறிடத்தில் வைத்துவிட்டே வேலையைத் தொடங்குதல் வேண்டும். சட்டங்களை வெளியே வைத்து ஒட்டிக்கொண்டு, வண்டியில் போல்ட்டினாற் பூட்டுவது இன்னும் நல்லது.

மூன்றாவது, அளவு. கடையிலே அமர்ந்து பார்த்துவிட்டு, சுகமாக இருக்கின்றது என்று ஆசனத்தை வாங்கி வந்துவிடாதீர்கள். அவ்வண்டியில் ஆசனத்துக்குப் பின்னே தடுப்புச் சுவர் ஒன்று உண்டு. முன்னே சுக்கான் சில்லு உண்டு. புதிய ஆசனத்தின் முதுகு தடிப்பாயிருந்தால் சாரதி முன்னே தள்ளப்படுவார். அடியிலுள்ள தண்டவாளமும் சட்டமும் சேர்ந்து ஆசனத்தை நான்கு அங்குலம் உயர்த்திவிட்டால், தலை கூரையில் முட்டும். முழங்கால் சுக்கானில் இடிக்கும். கண் கண்ணாடியின் மேல்விளிம்புக்குப் போய்விடும். ஆகவே மரப்பலகையும் மட்டையும் கொண்டு மாதிரி ஒன்றைச் செய்து வைத்து, அதில் அமர்ந்து பாருங்கள். கிளச் மிதியை அடிவரை மிதித்தபோதும் முழங்கால் சிறிது மடிந்தே இருத்தல் வேண்டும். அந்த வீட்டிலே வண்டியை ஓட்டுவோர் இருவராயின் இருவரும் அமர்ந்து பார்க்கவேண்டும்.

நான்காவது, சட்டம். ஆசனத்தின் கால்களைத் தகட்டில் நேரே பூட்டாமல், உருக்குக் கோணச் சட்டத்தாலோ சதுரக் குழாயாலோ ஓர் உறுதியான தாங்கு சட்டத்தை அமைத்து, அதனைக் கீழேயுள்ள அடிச்சட்டகத்தோடு இணைத்தல் வேண்டும். அவ்வாறு இணைக்க இயலாத இடத்தில், தகட்டின் கீழே உள்ளங்கை அகலமான தடித்த உருக்குத் தகட்டை வைத்து, பாரம் ஓரிடத்தில் விழாமற் பரவச் செய்தல் வேண்டும். போல்ட்டுகள் தலையிலே 8.8 என்று தரம் பொறிக்கப்பட்டனவாக இருக்கட்டும். கூரைத் தகட்டுக்குப் பூட்டும் போல்ட் இங்கே உதவாது. மேலும், சட்டத்தை ஒருபுறம் கீலில் எழும்பத்தக்கதாகவோ இலகுவாகக் கழற்றத்தக்கதாகவோ செய்யுங்கள். தாங்கியையும் அதன் அளவுகாட்டியையும் பார்ப்பதற்கு ஆசனத்தைத் தூக்கவேண்டிய நாள் கட்டாயம் வரும்.

இங்கே யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, திருகோணமலை முதலிய கரையோரப் பகுதிகளில் வாழும் நேயர்களுக்கு ஒரு வார்த்தை. அலுமினியமும் உருக்கும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்க, இடையிலே உப்பு நீர் புகுந்தால், அங்கே ஒரு சிறு மின்கலம் உண்டாகிவிடுகின்றது. அம்மின்கலத்தில் அழிவது அலுமினியம். சட்டத்தின் ஓரத்தில் வெண்ணிறத் தூள் தோன்றினால் தகடு கரைந்துகொண்டிருக்கின்றது என்று அறிக. இதற்கு மருந்து எளிது. உருக்குக்கு நாகம் பூசுங்கள். இரு பரப்புகளுக்கும் நன்றாக மை பூசுங்கள். இடையிலே மெல்லிய றப்பர்த் தகடு ஒன்றை வையுங்கள். ஒரு மணி நேர வேலை பல ஆண்டுகளைக் காப்பாற்றும்.

ஐந்தாவது, ஆசனப்பட்டி. மடியையும் மார்பையும் ஒருசேரப் பிடிக்கும் மும்முனைப் பட்டியை 1959 ஆம் ஆண்டில் வொல்வோ கம்பனிக்காக நில்ஸ் போலின் என்னும் பொறியியலாளர் அமைத்தார். அதற்கு முன்னர் பிறந்த வண்டிகளிலே அதற்கான இடமே இராது. புதிய ஆசனம் பொருத்தும் வேளையே பட்டிக்கும் இடம் அமைக்க ஏற்ற வேளை. பட்டியின் முனைகளை ஆசனத்தில் மட்டும் பூட்டாதீர்கள். முன்பு சொன்ன ஒரு தொன் பாரம் அப்பொழுது ஆசனத்தின் கால்களுக்கே வந்துவிடும். அடிச்சட்டகத்தோடு இணைந்த உறுதியான இடங்களிலே, தடித்த தகடு வைத்துப் பூட்டுதல் வேண்டும். மடிப்பட்டி வயிற்றின்மீதன்று, இடுப்பெலும்பின்மீது படியவேண்டும். மெத்தை மிக மென்மையாகவும் முன்பக்கம் தாழ்ந்தும் இருந்தால், மோதலிலே உடல் பட்டியின் கீழாக வழுக்கிச் செல்லும். பட்டி வயிற்றை நெரிக்கும்.

மெத்தையைப் பற்றி இன்னொன்று. மனித உடல், விநாடிக்கு 4 முதல் 8 தடவை வரை மேலும் கீழும் அசைக்கும் அதிர்வினாலேயே மிகவும் வருந்துகின்றது. கரடுமுரடான பாதையிலே வில்தகடு பூட்டிய வண்டியிலும் அத்தகைய அதிர்வு உண்டாகக்கூடும். மிக மென்மையான மெத்தை இவ்வதிர்வைக் குறைப்பதற்குப் பதிலாகப் பெருக்கிவிடவும் கூடும். கையால் அழுத்தும்போது மெதுவாக இறங்கி மெதுவாக எழும் கெட்டியான மெத்தையே நீண்ட பயணத்துக்கு நன்று. அவ்வாறே, பக்கத் தடுப்பு மிக உயர்ந்த பந்தய ஆசனமும் இவ்வண்டிக்கு ஏற்றதன்று. உயரமான வண்டியிலே முதியவர் ஒருவர் அதனைத் தாண்டி அமர்வது பெரும்பாடு. தொடையைச் சிறிது அணைத்து, இடுப்பை வளைவிலே தாங்கி, தலைக்கு அணை தரும் ஆசனம் போதும்.

கழித்த கார்களிலிருந்து எடுத்த ஆசனங்களை மலிவாக வாங்குவோரும் உளர். அதிற் குற்றமில்லை. ஆயினும் அண்மைக் காலத்துக் கார்களின் ஆசனப் பக்கத்திலே காற்றுப்பை மறைந்திருப்பதுண்டு. அதனை விரிப்பது வெடிமருந்து. மஞ்சள் நிற மின்னிணைப்பு ஒன்று ஆசனத்தின் கீழே தொங்கினால், அதனை வெட்டவோ, சூடாக்கவோ, மின்கலத்தைத் தொடுத்துப் பார்க்கவோ வேண்டாம். அத்தொழில் அறிந்தவரிடம் கொடுத்து அகற்றிக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் சொன்னபின், பழமையை விரும்பும் அன்பர் ஒருவர் என்னை மறித்து, ஐயா, அறுபது ஆண்டு நின்ற வண்டியின் உருவத்தைக் கெடுக்கலாமா என்று வினவக்கூடும். நியாயமான கேள்வி. 2020 ஆம் ஆண்டிலே வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 இல் மீண்டும் அனுமதிக்கப்படும் வரை, நம் நாட்டில் எத்தனையோ பழைய வண்டிகள் உழைப்பாளிகளின் கைத்திறனால் உயிர் பிழைத்து ஓடின. அவற்றை மதிப்பது நம் கடமை. கண்காட்சிக்கு மட்டும் செல்லும் வண்டியாயின் அதன் பழைய ஆசனத்தோடே இருக்கட்டும். நாள்தோறும் பிள்ளைகளைப் பாடசாலைக்கும் நோயாளியை வைத்தியசாலைக்கும் கொண்டுசெல்லும் வண்டியாயின், அதில் இருப்போரே அதன் பெறுமதி. இவ்விரண்டுக்கும் இடையே ஒரு வழியும் உண்டு. இயன்றவரை பழைய துளைகளையே பயன்படுத்துங்கள், தகட்டை வெட்டாதீர்கள், கழற்றிய ஆசனங்களை ஈரமற்ற இடத்தில் துணி போர்த்து வையுங்கள். நாளை உங்கள் மகனோ மகளோ வண்டியைப் பழையபடி ஆக்க விரும்பினால், ஒரு பகற்பொழுதில் ஆக்கிவிடலாம்.

முடிவாக ஒன்று. முன்னே மூவர் அமரும் வண்டியில் இரண்டு பக்கெற் ஆசனங்களைப் பொருத்தினால் இருக்கைகளின் தொகை மாறுகின்றது. பதிவுச் சான்றிதழில் அத்தொகை எழுதப்பட்டிருப்பதால், வேலையைத் தொடங்குமுன் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திலும் காப்புறுதிக் கம்பனியிலும் விசாரித்துக்கொள்ளுங்கள். இரண்டு ஆசனங்களுக்கு இடையே கிடைத்த வெற்றிடத்திலே பெட்டியொன்றை வைத்து, அதன்மேல் சிறுபிள்ளையை இருத்திச் செல்லும் வழக்கம் சிலரிடம் உண்டு. பட்டியும் இல்லை, முதுகும் இல்லை, நேரே முன்னால் கண்ணாடி. வண்டியிலே அதனினும் ஆபத்தான இடம் வேறில்லை.

வேலை முடிந்ததும் ஆசனத்தை இரு கைகளாலும் பற்றி முழுப் பலத்தோடும் அசைத்துப் பாருங்கள். வண்டி அசையவேண்டும், ஆசனம் தனியே அசையக்கூடாது. சில நாள் ஓடியபின் ஒவ்வொரு நட்டையும் மீண்டும் இறுக்குங்கள். புதிய பூட்டு எதுவும் முதல் ஓட்டத்திலே சிறிது தளரும். அதன்பின் மலைப்பாதையும் மணற்பாதையும் உங்கள் முதுகுக்குச் சற்று இரக்கங் காட்டும்.