ஒரே முட்டை: ராணியும் வேலைக்காரியும்

(நம் சங்கத்தின் ஞாயிறு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

நான் பி.காம். படித்து, வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். விஞ்ஞானி அல்ல. பேத்தியின் பாடப் புத்தகத்தைப் புரட்டப் போய், தேனீயிடம் மாட்டிக்கொண்டேன்.

ஒரு தேன்கூட்டில் ராணி ஒன்றுதான். வேலைக்காரத் தேனீக்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும். ராணி ஒரே நாளில் ஆயிரத்துக்கு மேல் முட்டையிடும், சில ஆண்டுகள் வாழும். வேலைக்காரத் தேனீக்கு, வேலை மும்முரமான பருவத்தில், ஆயுள் சுமார் ஆறு வாரம். அப்படியானால் ராணி பிறவியிலேயே ராணியா? இல்லை. இரண்டும் ஒரே மாதிரி முட்டையிலிருந்து வருபவை. ஜீன்களும் அதே ஜீன்கள்தான்.

வித்தியாசம் சாப்பாட்டில் இருக்கிறது. ராணியாக வேண்டிய புழுவுக்குக் கடைசிவரை ராயல் ஜெல்லி தாராளமாகக் கிடைக்கும். மற்றவற்றுக்குச் சுமார் மூன்று நாளில் அது குறைந்து, தேனும் மகரந்தமும் கலந்த உணவு வந்துவிடும். ராணி 16 நாளில் வெளியே வரும். வேலைக்காரத் தேனீக்கு 21 நாள்.

சாப்பாடு எப்படி ஜீனுக்குள் நுழைகிறது? என் பாஷையில் சொல்கிறேன். லெட்ஜர் ஒன்றுதான். ஆனால் சில பக்கங்களில் முத்திரை விழுகிறது. எழுத்து அழிவதில்லை, படிக்கப்படும் விதம் மாறுகிறது. டி.என்.ஏ. மேல் விழும் இந்த முத்திரைக்கு மெத்தில் குறி என்று பெயர். 2008-ல் ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், முத்திரை குத்தும் ஜீனின் வேலையைப் புழுக்களில் குறைத்துப் பார்த்தார்கள். உணவு எல்லாப் புழுக்களுக்கும் ஒன்றே. ஆனாலும் முத்திரை குறைந்தவற்றில் பெரும்பாலானவை ராணிகளாக வளர்ந்தன!

இன்னொன்று, இதற்கெல்லாம் காலக்கெடு உண்டு. தேனீ வளர்ப்போர் இளம்புழுவை எடுத்து ராணி அறையில் விட்டு ராணி உண்டாக்குகிறார்கள். நாள் கடந்த புழுவிடம் அது நடக்காது.

மனிதன் தேனீ அல்ல. அப்படியே ஒப்பிடக் கூடாது. ஆனாலும் இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. பத்தாவது படித்த என் இளைய மகனிடம், "நம்ம வம்சத்துக்கே கணக்கு வராதுடா" என்று சொல்லி டியூஷனை நிறுத்தியவன் நான். இன்று அவன் நன்றாகவே இருக்கிறான். ஆனால் அந்த ஒரு வார்த்தை என் கணக்கில் பற்றாகவே நிற்கிறது.

உங்கள் வீட்டுப் பிள்ளையிடம் "ரத்தத்துல இல்லை" என்று சொல்லும் முன், தட்டில் என்ன வைத்தோம், எப்போது வைத்தோம் என்று ஒரு முறை பாருங்கள்.