பாட்டுக்குக் கும்பிடு, பாடியவருக்குத் தீட்டா?
(எம். ரெட்டியபட்டியில் பேசியது)

ஸ்பெஷல் நாடகம் என்றால் விடிய விடியக் கண்விழித்துக் கேட்கிற சீமை நம்முடையது. ஆகவே ஒரு பாட்டுக்காரரைப் பற்றியே பேச விரும்புகிறோம்.

சிவகாசியில் 1886-ல் பிறந்து, திருமங்கலத்தில் குடியிருந்தவர் விசுவநாததாஸ். அவர் முருகனாக மேடையேறிப் பாடினால் கூட்டம் மெய்மறக்கும். வெள்ளைக்கார சர்க்காரை எதிர்த்துப் பாடிப் பலமுறை சிறை சென்றார். ஆனால் நடந்ததென்ன? அவர் நாவிதர் வகுப்பு என்பதற்காக, ஜோடியாக நடிக்கமாட்டோம் என்றார்கள் நடிகைகள் சிலர். வேஷத்தைக் கும்பிடலாம், வேஷம் போட்டவர் பக்கத்தில் நிற்கக்கூடாதாம்! கே. பி. ஜானகியம்மாள் போன்றோரே துணிந்து நடித்தார்கள். 1940 டிசம்பர் 31-ல், சென்னையில், மேடைமீதே அவர் உயிர் பிரிந்தது.

இது நம் நாட்டு வியாதி மட்டுமல்ல. அமெரிக்காவின் மரியன் ஆண்டர்சன், ஐரோப்பாவையே பாட்டால் கவர்ந்த கறுப்பினப் பெண்மணி. 1939-ல் வாஷிங்டனில் பெரிய மண்டபம் ஒன்றை நிறத்தைக் காரணமாக்கி அவருக்கு மறுத்தார்கள். லிங்கன் நினைவகப் படிகளில் நின்று பாடினார். 75,000 பேர் திரண்டு கேட்டார்கள். அப்படியும் நியூயார்க் மெட்ரோபாலிடன் இசைநாடக மேடை அவருக்குக் கிடைத்தது 1955-ல்தான். அப்போது வயது 57! பாடவேண்டிய காலத்தையெல்லாம் நிறவெறி தின்றுவிட்டது.

தோழர்களே! கைதட்டினால் ஜாதி போய்விடாது. நம் வீட்டுக் கலியாணத்தில் நாயனம் வாசிப்பவருக்கு எந்தப் பந்தியில் இலை போடுகிறோம்? நாம் சொல்வதை நம்பவேண்டாம். அடுத்த முகூர்த்தத்தில் நீங்களே பாருங்கள். பார்த்தபின் அவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுங்கள்.